பட்டான் கல்



திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அவனுடைய முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு என்று கல்லே காலம் சொல்கிறது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய் விழுந்த செய்தி அதில் இருக்கிறது. அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. அந்த நாய்க்குப் பெயர் உண்டு: கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்று அதன் செயலையும் எழுதிவைத்திருக்கிறார்கள். கல்லில் எழுத்து வெட்டுகிறவனுக்கு ஒவ்வோர் எழுத்தும் பல உளியடி. ஒரு சொல் மிகுந்தால் உழைப்பும் மிகும். வேண்டாததை அவன் வெட்டமாட்டான். அப்படிச் சொற்களை எண்ணிச் செலவழித்த அந்தக் கல்தச்சன் நாயின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறான்.

அங்கிருந்து 1,300 ஆண்டுகளைத் தாண்டி ஈராக்கின் பஸ்ராவுக்கு வாருங்கள். முதல் உலகப்போரில் மெசபடோமியாவில் இறந்து, கல்லறை இன்னதென்று தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டோருக்காக 1929-ல் அங்கே ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் படையில் அதிகாரியானாலும் சாதாரணச் சிப்பாயானாலும் பெயர் வெட்டப்பட்டது. இந்தியப் படையில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்களுக்கு இன்ன ரெஜிமென்ட், இத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு முடித்துக்கொண்டார்கள். இறந்தவர்களுக்குள் பதவியாலும் இனத்தாலும் வேற்றுமை பார்க்கமாட்டோம் என்று கொள்கை அறிவித்திருந்த அதே போர்க்கல்லறை ஆணையம்தான் இதையும் செய்தது. அந்த ஆணையம் 2021-ல் தன் பழைய ஏடுகளைத் தானே ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது எங்குமே நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. எடுத்தனூர்க் காட்டில் ஒரு நாய்க்குக் கிடைத்தது பஸ்ராவில் நம் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். விழுந்த படைவீரனுக்கு ஒரு நாடு செய்யவேண்டிய முதல் மரியாதை, அவன் பெயரைச் சரியாக எழுதுவது. எங்கே விழுந்தான், யார் அனுப்பிப் போனான், எதற்காகப் போனான், எப்படி விழுந்தான் என்பதை மறைக்காமல் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே வைப்பது. மலர்வளையமும் துப்பாக்கி முழக்கமும் கொடி போர்த்துவதும் அதற்குப் பிறகு வருகிறவை. பெயரும் விவரமும் இல்லாத இடத்தில் செய்கிற மரியாதை, இறந்தவனைச் சென்றடையாமல் செய்கிறவனுக்கே திரும்பிவிடுகிறது. நாட்டுப்பற்று என்று நான் கருதுவதும் இந்தக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும் நேர்மையைத்தான். சீருடை அணிந்திருந்தவன் என்பதால் இந்தப் பொருளில் எனக்குச் சார்பு உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆகவே சார்பில்லாதவர்கள் எழுப்பும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே பேசுகிறேன்.

நடுகல் மரபைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். அதில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள், நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவை. அவற்றுள் ஒன்று கூடல் ஊரில் நடந்த ஆகோளில் விழுந்த அந்தவனுக்கு எடுத்தது. ஆகோள் என்றால் பிறர் மாட்டைக் கவர்ந்துவருவது. செங்கம் பகுதிக் கற்களைப் படித்தால் தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்டு விழுந்தவனுக்கும் கல் உண்டு, தொறு கொள்ளப் போய் விழுந்தவனுக்கும் கல் உண்டு. புலியோடு போராடி விழுந்தவனுக்கும் உண்டு. பெரும்பாலும் வினைமுற்று ஒன்றேதான்: பட்டான். அதில் துதி இல்லை, பழியும் இல்லை. இன்ன ஊரில், இன்ன அரசன் காலத்தில், இன்னாருக்காக, இன்னதைச் செய்கையில் பட்டான். அவன் போன காரியம் நியாயமா என்ற தீர்ப்பைக் கல் சொல்வதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்வதற்கு வேண்டிய தகவல் முழுவதையும் கல் கொடுத்துவிடுகிறது. பிற்காலத்தவன் படித்துப் பார்த்து, இவன் மாடு கவரப் போனவன் என்று சொல்லலாம். சொன்னாலும் கல் சாய்ந்துவிடுவதில்லை. அந்த மரபு குறையற்றது என்று நான் சொல்லவில்லை. மாட்டுக்காக ஊருக்கு ஊர் வெட்டிக்கொண்ட காலம் அது. அந்தச் சண்டைகளை நாம் விரும்பவேண்டியதில்லை. அவர்கள் கணக்கு எழுதிய முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

இன்று நம் வாயில் அந்தச் சொல் இல்லை. வீரமரணம், தியாகம், வீரத்தியாகி என்கிறோம். இந்திய அரசைக் கேட்டால், தியாகி என்ற பொருள்படும் சொல் எதுவும் படைகளில் அதிகாரபூர்வமாக வழக்கில் இல்லை என்று நாடாளுமன்றத்தில் ஒருமுறைக்கு மேல் பதில் சொல்லியிருக்கிறார்கள். படையின் ஏட்டில் இருக்கும் பிரிவு போர்ச் சேதமா, போர் சாராத சேதமா என்பது. ஒரு வீட்டுக்கு வந்துசேரும் ஓய்வூதியம் அந்தப் பிரிவைப் பொறுத்தது. போரில் இறந்தவன் குடும்பத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும் ஓய்வூதியமாக வரும். பணியின் விளைவாக வேறு வகையில் இறந்தவன் குடும்பத்துக்கு அதைவிடக் குறைவாக வரும். ஊர் முகப்பில் ஃப்ளெக்ஸ் கட்டும்போது எல்லோரும் தியாகிகள். கோப்பு நகரும்போது அவன் எப்படி இறந்தான் என்ற கேள்வி வந்து நிற்கிறது. அந்தக் கேள்வியைச் சந்திக்கத் தெரியாத புகழ்ச்சி அந்த வீட்டுக்கு எந்த உதவியும் செய்யாது.

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் சோனம் என்ற காவல் நிலை. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் அங்கே இருந்தார்கள். பனிச்சுவர் சரிந்து மூடிவிட்டது. அந்தப் பனி பூப்போல் பெய்கிற பனி இல்லை. பாறைபோல் இறுகிய பாளங்கள். அவற்றை அறுத்து அறுத்துத்தான் தோண்ட முடிந்தது. ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு கிடைத்தார். பிப்ரவரி 11 அன்று டில்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். இறந்த பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். இவர்களைச் சுட்டவர் யாருமில்லை. 1984-ல் படைகள் ஏறியதிலிருந்து சியாச்சினில் குண்டு கொன்றதைவிடக் குளிரும் பனியும் உயரமும் கொன்றதே அதிகம். வீரமரணம் என்ற சொல்லை நினைத்தவுடன் கண்முன் வரும் காட்சியில் இவர்களுக்கு இடமில்லை. 'பட்டான்' என்ற சொல்லில் இடம் இருக்கிறது. அனுப்பிய இடத்தில் நின்றான், நின்ற இடத்தில் விழுந்தான். அப்படி எழுதினால் அடுத்த கேள்வி தானாக வரும். அந்த இடத்தில் மனிதனை நிறுத்திவைப்பதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன, அந்த விலை தேவைதானா? இதைக் கேட்பவன் சோனத்தில் இறந்தவர்களை அவமதிக்கிறான் என்று யாராவது சொன்னால் நான் உடன்படமாட்டேன்.

இங்கே முதல் மறுப்பு வருகிறது. படைவீரனைக் கொண்டாடுவது போரைக் கொண்டாடுவதாகத்தானே முடிகிறது, நினைவுச்சின்னங்கள் அடுத்த தலைமுறையைப் போருக்கு ஆள் சேர்க்கும் விளம்பரங்கள் அல்லவா என்று அமைதி விரும்பிகள் கேட்கிறார்கள். வலுவான கேள்வி. பெயரில்லாத நினைவுச்சின்னத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. முகம் தெரியாத 'வீரன்' எந்தக் கட்சியின் மேடைக்கும் பொருந்துவான். பெயருள்ளவன் அப்படி எளிதாக வளைந்து கொடுப்பதில்லை. அவனுக்கு ஊர் உண்டு, வயது உண்டு, அவன் எப்படிச் செத்தான் என்று கேட்கும் தாய் உண்டு.

பெயர்களைக் கண்டு அரசுகளே அஞ்சுகின்றன என்பதற்குக் கார்கிலைவிட நல்ல சான்று வேண்டாம். 1999-ல் மலைமுகடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் படையினர் இல்லை, காஷ்மீரப் போராளிகள் என்று பாகிஸ்தான் சொன்னது. அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காகத் தன் நார்தர்ன் லைட் இன்பன்ட்ரி சிப்பாய்கள் பலரின் உடல்களை வாங்க மறுத்தது. இந்தியப் படையினரே மௌல்வியை அழைத்து, முறைப்படி தொழுகை நடத்தி அவர்களை அடக்கம் செய்தார்கள். டைகர் ஹில்லில் விழுந்த, கர்னல் ஷேர் கான் என்ற பெயர்கொண்ட கேப்டனின் உடலைத் திருப்பி அனுப்பியபோது, இந்த அதிகாரி துணிவோடு போரிட்டார் என்று இந்திய பிரிகேடியர் ஒருவர் எழுதிய சீட்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. பிறகு அவருக்குப் பாகிஸ்தானின் மிக உயர்ந்த வீர விருது கிடைத்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 2010-ல், பாகிஸ்தான் ராணுவம் 453 பெயர்களை எந்த ஆரவாரமும் இல்லாமல் தன் இணையதளத்தில் ஏற்றியது. இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் 527 பேர். இரண்டு எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவன்தான் அந்தப் போரைப் புரிந்துகொள்கிறான். அங்கே பெயரை எழுதாமல் இருந்ததால் வந்தது அமைதி இல்லை. பொய் நீடித்தது, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக் கணக்கும் ஒழுங்காக இல்லை என்பதைச் சொல்லவேண்டும். கார்கில் போர் முடிந்த மூன்றாம் நாள், திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியத்தின் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. 2000 பிப்ரவரியில் அதன் அறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வந்தது. சில பகுதிகளை மறைத்துத்தான் வெளியிட்டார்கள் என்றாலும், உளவுத் தகவல் சேகரிப்பில் நேர்ந்த தவறுகள் பொதுமக்களுக்குத் தெரிந்தன. முப்படைகளின் உளவைத் தொகுக்க 2002-ல் ஓர் அமைப்பு வந்தது. ஆனால் 1962 சீனப் போரைப் பற்றி ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் எழுதிய அறிக்கை 1963-லேயே அரசிடம் கொடுக்கப்பட்டுவிட்டது. அதை இதுவரை எந்த அரசும் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. ஆட்சிகள் மாறின, பூட்டு மாறவில்லை.

அந்தப் போரில் லடாக்கின் ரெசாங் லாவில் நடந்தது, அறிக்கையைப் பூட்டிவைப்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதைக் காட்டும். நவம்பர் 18, 1962. குமாவோன் ரெஜிமென்டின் 13-வது பட்டாலியனில் மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர். பெரும்பாலோர் இன்றைய ஹரியானாவின் கிராமத்து விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 16,000 அடிக்கு மேல் நின்றார்கள். இடையில் மலைமுகடு குறுக்கிட்டதால் பின்னாலிருந்த பீரங்கிகளால் அவர்களுக்கு உதவ முடியவில்லை. 110-க்கும் மேற்பட்டோர் விழுந்தார்கள். தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1963 பிப்ரவரியில் ஆடு மேய்க்கும் ஒருவர் அந்தப் பக்கம் போனார். உறைந்த உடல்கள் பதுங்குகுழிகளில் இருந்தபடியே இருந்தன. துப்பாக்கியைப் பிடித்த கைகள் பிடித்தபடியே இருந்தன. மருத்துவ உதவியாளன் ஒருவன் கையில் ஊசிக்குழலும் கட்டுத்துணியும் இருந்தன. உயிரோடு வந்தவர்கள் சொன்னது உண்மை என்பதற்கு இறந்தவர்களே சாட்சி சொல்லவேண்டியதாயிற்று. மேஜருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தோம், நினைவுச்சின்னம் கட்டினோம். அவர்களை அந்த நிலையில் நிறுத்திய முடிவுகள் எவை என்ற அறிக்கை மட்டும் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. ராணுவ இரகசியம் என்று காரணம் சொல்கிறார்கள். அறுபது ஆண்டுக்கு முந்தைய துருப்பு நிலைகளில் இன்று எந்த இரகசியம் மிஞ்சியிருக்கும்? கூச்சம்தான் மிஞ்சியிருக்கிறது என்பது என் கருத்து.

நான் சொல்லும் வாதத்தை உரசிப் பார்க்கவேண்டிய இடம் கார்கிலோ ரெசாங் லாவோ இல்லை. அங்கே நம் படை நம் மண்ணைக் காத்தது. அப்படிப்பட்ட இடத்தில் விழுந்தவனை மதிப்பது யாருக்கும் கடினமில்லை. தமிழர்கள் நிறைந்த அவையில் பேசும்போது, இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையைப் பேசாமல் நழுவினால் இந்தச் சொற்பொழிவுக்கு மதிப்பில்லை. 1987 ஜூலை 29-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தமிழரைக் காக்கும் அமைதிப்படை என்ற பெயரோடு நம் சிப்பாய்கள் அங்கே போனார்கள். அக்டோபரில் அது விடுதலைப் புலிகளோடு போராக மாறியது. அக்டோபர் 12-ஆம் தேதி பின்னிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சீக் லைட் இன்பன்ட்ரியின் ஒரு பிளாட்டூனில் 30 பேர். திட்டம் எதிர்த்தரப்புக்கு முன்பே தெரிந்திருந்தது. ஹெலிகாப்டர்கள் கடும் தாக்குதலுக்கு ஆளானதால் அடுத்த அணியை இறக்க முடியவில்லை. அந்த 30 பேரில் 29 பேர் மாண்டார்கள். ஒருவர் மட்டும் பிடிபட்டுப் பிழைத்தார். நவம்பர் 25-ல் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் மார்பில் குண்டு பட்ட நிலையிலும் போரிட்டு விழுந்தார். அந்தப் போரில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான், தமிழர். 1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவு திரும்புவதற்குள் ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இறந்திருந்தார்கள்.

அதே மண்ணில், அதே மாதங்களில், வேறு கணக்கும் உண்டு. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களுமாக 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஊர் மக்கள் 60 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. படைகள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அன்றைய முதல்வர் மு. கருணாநிதி வரவேற்புக்குப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மனம் வரவில்லை என்பது அவர் தரப்புக் காரணம். இந்த முடிவைத் துரோகம் என்று சொன்ன படைவீரர்கள் உண்டு, மனசாட்சி என்று சொன்ன தமிழர்கள் உண்டு. இரு தரப்பாரும் தங்கள் இறந்தவர்களை நினைத்துத்தான் அப்படிச் சொன்னார்கள்.

இரண்டாவது மறுப்பு என்னவென்று உங்களுக்கே தெரியும். இந்தப் போரில் விழுந்த இந்தியச் சிப்பாய்க்கு மரியாதை செய்தால் வல்வெட்டித்துறையின் இறந்தவர்களை மீண்டும் ஒருமுறை கொன்றதாகாதா? இந்தக் கேள்வியைக் கேட்கிறவரின் நாட்டுப்பற்றை நான் சந்தேகிக்கவில்லை. என் பதில் நடுகல்லிலிருந்துதான் வருகிறது. கல் விடுதலைத் தீர்ப்பு எழுதுவதில்லை. 'யாழ்ப்பாணத்தில், ஒப்பந்தத்தின் பேரில் அனுப்பப்பட்டு, போரில் பட்டான்' என்று ஒரு ஜாட் சிப்பாயின் பெயருக்குப் பக்கத்தில் எழுதினால், மருத்துவமனையில் நடந்தது இல்லையென்று ஆகிவிடாது. மாறாக, பெயரை எழுதாமல் விட்டதால்தான் இரண்டு கணக்கும் சேர்ந்து புதைந்தன. இந்தப் போரை நினைக்கவே விரும்பாத டில்லி, நெடுங்காலம் தன் 1,200 பேரைப் பற்றியும் பேசவில்லை. மருத்துவமனையில் இறந்தவர்களைப் பற்றி நீதியான விசாரணையும் நடத்தவில்லை. அந்த மௌனத்துக்குப் பின்னால் இருந்த சங்கடம் ஒன்றேதான். அனுப்பிய முடிவைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாது. தன் படையினரின் பெயரைத் துணிந்து எழுதுகிற அரசால்தான், அவர்களில் சிலர் செய்த குற்றத்தையும் துணிந்து விசாரிக்க முடியும். மருத்துவமனையில் சுட்டவனும் பல்கலைக்கழக வளாகத்தில் சுடப்பட்டவனும் 'படை' என்ற ஒரே சொல்லுக்குள் கலந்து கிடக்கும்வரை, முதலாமவன் தப்பித்துக்கொண்டே இருப்பான், இரண்டாமவன் பழி சுமந்துகொண்டே இருப்பான்.

கொழும்பையடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே நகரில் அமைதிப்படையினருக்குப் பெயர்கள் பொறித்த நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டியது இலங்கை அரசு. எந்த நாட்டின் அதிபர் 1989-ல் இந்தியப் படையை வெளியேறச் சொன்னாரோ அந்த நாடு. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் அங்கே மலர்வளையம் வைத்தார். அதே இலங்கை அரசு யாழ்ப்பாணத்தின் கோப்பாயில் புலிகளின் கல்லறைத் தோட்டமான துயிலும் இல்லத்தை இடித்தது. அந்த இடத்தில் 2011-ல் படைத் தலைமையகம் திறந்தது. புலிகளின் குண்டுக்குத் தோழர்களைப் பறிகொடுத்த படையைச் சேர்ந்தவன் நான். அந்த இயக்கத்தின் வழிகளை ஏற்காதவன். ஆனாலும் எதிரியின் கல்லறையை புல்டோசரால் தள்ளுவது எந்த மரபிலும் வீரம் இல்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். பிள்ளை எங்கே கிடக்கிறான் என்று தெரிந்திருந்த தாய்க்கு அந்த ஒரு துண்டு நிலமும் இல்லாமல் போயிற்று. கார்கிலில் மௌல்வியை அழைத்து எதிரியை அடக்கம் செய்த படையின் மேல் நான் வைத்திருக்கும் பெருமை, கோப்பாயைப் பற்றி என்னைப் பேசாமல் இருக்க விடாது.

மூன்றாவது மறுப்பு வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. படைவீரன் சம்பளம் வாங்கிக்கொண்டு போனவன்தானே? மலக்குழியில் இறங்கி மூச்சுத் திணறிச் சாகிறவருக்குக் கொடி போர்த்துகிறோமா? இதைக் கேட்டால் கோபப்படும் முன்னாள் படையினர் உண்டு. கோபத்துக்கு இதில் இடமில்லை என்று நினைக்கிறேன். மலக்குழியில் இறந்தவரின் பெயரும் எழுதப்படவேண்டும். யார் இறக்கினார்கள் என்பதும் எழுதப்படவேண்டும். அதற்காகப் படைவீரனின் பெயரை அழிக்கத் தேவையில்லை. ஆனால் படைவீரனிடம் ஒரு தனித்தன்மை உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 33-வது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அவன் சங்கம் சேர முடியாது. இந்தப் போர் எனக்குச் சம்மதமில்லை என்று செய்தியாளரிடம் சொல்ல முடியாது. ஏறு என்றால் ஏறவேண்டும். சட்டப்படி நாம் அவன் வாயைக் கட்டித்தான் அனுப்புகிறோம். கட்டியவர்கள் நாம் என்பதால், அவன் கேட்கமுடியாத கேள்வியைக் கேட்கும் பொறுப்பு நம்முடையது. பேச உரிமையுள்ள குடிமகன் போரைப் பற்றிக் கேள்வி கேட்பதும், விழுந்தவனை மதிப்பதும் என் கண்ணுக்கு இரு வேறு செயல்களாகத் தெரியவில்லை.

டில்லியில் இந்தியா கேட்டில் வெட்டப்பட்டிருக்கும் 13,000-க்கு மேற்பட்ட பெயர்கள் முதல் உலகப்போரையும் ஆப்கன் போரையும் சேர்ந்தவை. 1972 குடியரசு நாளில் அதன் அடியில் அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. சுடர் எரிந்தது, 1947-க்குப் பின் இறந்தவர்களின் பெயர்களுக்கு அங்கே இடமில்லை. விடுதலை பெற்று 71 ஆண்டுகள் கழித்து, 2019 பிப்ரவரி 25-ல்தான் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தது சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசனின் குழு. வட்டத்துக்குள் வட்டமாக அமைந்த அதில் தியாகச் சக்கரம் என்ற வட்டத்தின் சுவர்கள் கருங்கல் பலகைகளால் ஆனவை. ஒரு பலகைக்கு ஒரு மனிதன்: பதவி, பெயர், படைப்பிரிவு. திறந்த நாளில் 25,000-க்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. ஜெனரலுக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்ற வேறுபாடு கிடையாது. இலங்கையில் இறந்தவர்களும் அங்கே மற்றவர்களோடு இருக்கிறார்கள். இது பெரிய காரியம், காலந்தாழ்ந்த காரியம். என் குறை ஒன்றுதான்: எந்தப் போர் என்று அந்த வட்டம் சொல்கிறது, எப்படி என்று சொல்வதில்லை. புல்வாமாவில் 2019-ல் இறந்த 40 மத்திய ரிசர்வ் போலீஸ் படையினரின் பெயர்களும் அங்கே இல்லை, ஏனெனில் அவர்கள் வேறு அமைச்சகத்தின் கீழ் வருகிறவர்கள். அவர்களுக்குரிய இடம் சாணக்கியபுரியில் உள்ள காவலர் நினைவகம். அமைச்சகப் பிரிவினை சாவுக்குப் பின்னும் தொடர்கிறது.

டில்லி வரை போகாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதல் உலகப்போர் முடிந்தபின் ஆங்கில அரசு, ஆள் கொடுத்த ஊர்களில் சலவைக்கல் பலகைகளைப் பதித்தது. இந்தியாவின் பல பகுதிகளிலும் அவை இருக்கின்றன, தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றிலும் இருக்கின்றன. பள்ளிக்கூடச் சுவரிலோ சாவடியிலோ சுண்ணாம்புப் பூச்சுக்குள் பாதி மறைந்து நிற்கும். எல்லாப் பலகையிலும் வாசகம் ஒன்றுபோலத்தான் இருக்கும்: இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை மாபெரும் போருக்குச் சென்றோர் இத்தனை பேர், அவர்களில் உயிர் நீத்தோர் இத்தனை பேர். இரண்டு எண்கள், ஒரு பெயர்கூடக் கிடையாது. பஸ்ராவில் செய்ததை நம் ஊர்ச் சாவடியிலும் செய்துவிட்டுப் போனார்கள். நூறு ஆண்டுகளாக நாம் அதன்மேல் வெள்ளையடித்துக்கொண்டு இருக்கிறோம். போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேடுகள் இப்போது யாரும் தேடிப் பார்க்கும்படி திறந்திருக்கின்றன. படைப்பிரிவு, எண், தகப்பன் பெயர், ஊர் என்று பலருக்கு விவரம் இருக்கிறது. ஊரின் பெயர் பழைய எழுத்துக்கூட்டலில் சிதைந்து எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்து இது நம் ஊர்தான் என்று கண்டுபிடிக்க டில்லி அதிகாரியால் முடியாது, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரால் முடியும். மாவட்டத்துக்கு ஒரு பள்ளி இதைக் கையிலெடுக்கட்டும். முன்னாள் படைவீரர் சங்கங்கள் கல்லுக்கும் கல்தச்சனுக்கும் செலவை ஏற்கட்டும். பழைய பலகையைப் பெயர்க்கவேண்டாம். அந்த எண்ணுக்குக் கீழே இன்னொரு பலகை வைத்து, கிடைத்த பெயர்களை வெட்டி, மெசபடோமியாவா பிரான்ஸா கிழக்கு ஆப்பிரிக்காவா, யாருடைய போருக்காக யார் அனுப்பிப் போனான் என்பதையும் தமிழில் எழுதி, கிடைக்காத பெயர்களுக்கு அளந்து இடம் விட்டு வைக்கலாம்.